யாரும் படிக்காத அஞ்சல்

மத்தியானத்திலிருந்து ஏரி சத்தம் போடவில்லை. குளிர்காலம் முழுக்க அது முனகிக்கொண்டே இருக்கும். உறைந்த நீர் இறுகி விரியும்போது, தொலைவில் யாரோ இரும்புக் கம்பியை இழுத்து விட்டதுபோல ஒரு நீண்ட ஓசை விடுதியின் மூன்றாம் மாடிவரை வந்து, ஜன்னல் கண்ணாடியை லேசாக அதிரவைத்துவிட்டுப் போகும். மினசோட்டாவின் வடகோடியில் அதைக் கேட்டே வளர்ந்தவள் அனிக்கா. அதனால்தான் அது நின்றுபோனது அவளுக்கு உறைத்தது.

மடிக்கணினியில் கல்லூரி அஞ்சல் ஒன்று வந்திருந்தது. கட்டடங்களைச் சூடேற்றும் வெப்ப நிலையத்தின் வெந்நீர்க் குழாய் உடைந்து ஏரியில் கலக்கிறது. படகுத்துறைப் பக்கம் பனிக்கட்டி மெலிந்துவிட்டது. யாரும் அதன்மேல் கால் வைக்க வேண்டாம்.

அவள் வாசித்து முடிப்பதற்குள் அறைத்தோழி டெஸ்ஸா ஈரத் தலையோடு உள்ளே வந்தாள். அறை முழுக்க ஆப்பிள் ஷாம்பு வாசம்.

"மறுபடியும் காலேஜ் மெயிலா? அதுல உனக்கென்ன லவ் லெட்டரா வருது?"

"நீ பார்க்கவே மாட்டியா?"

"அதை யாருடி பார்ப்பா? பார்க்கிங் ஃபைன், லைப்ரரி ஃபைன், டீனோட புத்திமதி. எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னா இன்ஸ்டால வந்து சொல்லட்டும்." கண்ணாடி முன் நின்று உதட்டுச் சாயம் பூசினாள். "கோல்பி கீழ நிக்கிறான். படகுத்துறையில ஸ்கேட்டிங்."

கோல்பி. வேதியியல் ஆய்வகத்தில் முதலில் அனிக்காவின் பக்கத்தில் நின்றவன் அவன். அவள் கையெழுத்தைப் பார்த்து, "அச்சடிச்ச மாதிரி இருக்கே" என்றவன். அவனை ஓர் இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்துவந்து டெஸ்ஸாவுக்கு அறிமுகம் செய்ததும் அவள்தான். அதன் பிறகு அவர்களுக்கென்று தனியாக ஒரு அரட்டைக் குழு. அதில் அனிக்கா இல்லை. விளக்கணைத்த பிறகும் எதிர்க்கட்டிலில் போன் சிணுங்கும். டெஸ்ஸா தலையணைக்குள் முகம் புதைத்துச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பு ஒவ்வொன்றும் அனிக்காவின் நெஞ்சில் முள்ளாக ஏறும்.

ஆனாலும் சொல்ல வாயெடுத்தாள். "டெஸ்ஸா, அந்தப் பக்கம்..."

"உன்னையும் கூப்பிடலாம்னுதான் நினைச்சேன்." டெஸ்ஸா கூந்தலைத் தொப்பிக்குள் திணித்தாள். "கோல்பிதான், அவ வந்தா வாத்தியாரைக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்னான். மூஞ்சியைத் தூக்காதடி, சும்மா விளையாட்டுக்குச் சொன்னான். ஆமா, என்னமோ சொல்ல வந்தியே?"

அனிக்கா மடிக்கணினியை மூடினாள்.

"ஒண்ணுமில்ல. ஜாலியா போயிட்டு வா."

நாலரைக்கே இருட்டத் தொடங்கும் ஊர். ஜன்னலில் நீலம் கனத்துக்கொண்டிருந்தபோது டெஸ்ஸாவின் இன்ஸ்டா பக்கத்தில் படங்கள் வந்து விழுந்தன. பனிக்கட்டிமேல் கோல்பி. கையை விரித்துச் சுழலும் டெஸ்ஸா. அவர்களுக்குப் பின்னால் படகுத்துறையின் கம்பங்கள். அவற்றைச் சுற்றி ஈரமாக, கறுப்பாக ஒரு வளையம். அனிக்கா படத்தைப் பெரிதாக்கி அந்தக் கறுப்பைப் பார்த்தாள். 'பனி மெலிசா இருக்கு. உடனே கரைக்கு வாங்க' என்று டெஸ்ஸாவுக்கு அடித்தாள்.

அனுப்ப விரல் இறங்கும்போது அடுத்த படம் வந்தது. இருவரும் முத்தமிட்டுக்கொண்டிருந்தார்கள். கீழே, 'என் ஆளு.'

காதுமடல் தீயாகச் சுட்டது. அடித்ததை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். மெயில்லதான் இருக்கே. படிக்கட்டும்.

அதன் பிறகு படம் எதுவும் வரவில்லை.

ஒரு சைரன் ஏரிப் பக்கம் போனது. பின்னாலேயே இன்னொன்று. அவள் ஜன்னலுக்குப் போகவில்லை. ஏதோ விடுதிச் சமையல்கட்டில் யாரோ பாப்கார்னைக் கருக்கியிருப்பார்கள், அதற்கு வந்த தீயணைப்பு வண்டிதான் என்று சொல்லிக்கொண்டு, போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டு, வெளிச்சம் முழுக்க வடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

போன் சிணுங்கியது.

'டெஸ்ஸா உங்களைக் குழுவில் சேர்த்திருக்கிறார்.'

முதலில் வந்தது பயமில்லை. சந்தோஷம். வெட்கமில்லாத சந்தோஷம். பத்திரமாக இருக்கிறார்கள், அதோடு அவளையும் சேர்த்துக்கொண்டார்கள். குழுவில் மூன்றே பேர்.

'ஏய்' என்றாள் டெஸ்ஸா.

'கோவமா?' என்றான் கோல்பி.

'இல்லையே. எங்க இருக்கீங்க?' என்று அடித்தாள் அனிக்கா.

ஒரு படம் வந்தது. இருட்டாக இருந்தது. திரையின் வெளிச்சத்தைக் கூட்டினாள். கலங்கிய பச்சை. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் கூரை போல ஒன்று. கூரையின் அடிப்பக்கத்தில் கீறல்கள். நகங்களால் கீறியவை.

மடிக்கணினி மணியடித்தது. கல்லூரி அஞ்சல். திறந்தாள். 'ஆழ்ந்த வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். நம் மாணவர் இருவரின் உடல்கள் இன்று மாலை ஏரியிலிருந்து மீட்கப்பட்டன...'

கையிலிருந்த போனில் எழுத்துகள் ஓடின.

'மெயில் படிச்சியா?'

அவள் மூச்சு வெள்ளைப் புகையாக வெளியே வந்தது. அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாயின் டக் டக் ஓசை நின்றிருந்தது.

'அப்பவே படிச்சிருந்தல்ல?'

போனைத் தூக்கி எறிந்தாள். கட்டிலிலிருந்து இறங்கிக் கதவை நோக்கி ஓடினாள். பாதி அறையில் கால் நனைந்தது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர். சத்தமே இல்லாமல். பாசி நாற்றம். சேறு. அதற்குள் ஆப்பிள் ஷாம்பு வாசம்.

தண்ணீர் அவள் கால்விரல்களைச் சூழ்ந்தது. நின்றது. உறைந்தது.

"டெஸ்ஸா," என்றாள். "தெரியாமப் பண்ணிட்டேன்டி."

பொய். அறைக்கே தெரியும்.

கீழே பார்த்தாள். கம்பளம் இல்லை. பலகை இல்லை. கறுத்த பனிக்கட்டி. அதற்கடியில் ஆழம். வெகு கீழேயிருந்து ஒரு சின்ன வெளிச்சம் மெதுவாக ஏறி வந்தது. போன் திரை. அந்த நீல ஒளியில் டெஸ்ஸாவின் முகம், கன்னம் பனிக்கட்டியில் ஒட்டி, கண் திறந்து, சாயம் கலையாத உதட்டோடு.

அவள் உள்ளங்கை அனிக்காவின் பாதத்துக்கு நேர் கீழே பதிந்தது.

அனிக்கா பாதத்தை ஒரு அங்குலம் நகர்த்தினாள். குதிகாலைச் சுற்றி வெள்ளைக் கோடுகள் பிரிந்து ஓடின.

கையும் கூடவே நகர்ந்தது.