போகாத வீடியோ

டெலிபோன் அலறியது!

பாரோய் டவுனில் அது ஒரு சின்ன இன்டர்நெட் கம்பெனி. சட்டத்துக்கு ஆகாத படங்களைத் தடுக்கும் பிரிவுக்குத் தர்மினி ஒருத்திதான்.

எடுத்தாள்.

"தங்கச்சி... நான் மயிலம்மா. லுக்குட் போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். என் புருஷன் சன்னாசிய கொன்னுட்டாங்க!"

"ஐயோ! யாருக்கா?"

"எங்க எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி பிரேமநாதன்! உரமூட்டை திருடுனத இவரு பாத்துட்டாரு. ஸ்டோர்ல வழுக்கி விழுந்துட்டார்னு இப்ப கத கட்டுறான். பக்கத்துல ரத்தத்தோட கம்பி கெடந்திச்சு... வீடியோ எடுத்து, 'சன்னாசி ஸ்டோர்ல சாவு'ன்னு எழுதிப் போட்டேன். போகல லா! போனையும் புடுங்கி ஒடச்சிட்டான். சார்ஜன் ஆதாரம் கேக்கறாரு..."

"லைன்லயே இருங்க."

எஸ்டேட் வீடுகளுக்கு இந்தக் கம்பெனி வழியாக வைஃபை போட்டுத் தந்தது எஸ்டேட் ஆபீஸ். எந்தெந்தச் சொல்லைத் தடுக்க வேண்டும் என்று பட்டியல் தருவதும் ஆபீஸ்தான். தடுத்தவை ஒரு வாரம் கம்பெனியிலேயே கிடக்கும்.

தேடினாள்... கிடைத்தது!

மயிலம்மாளின் வீடியோ. ரத்தக் கம்பி. தடுத்த சொற்கள்: சன்னாசி, ஸ்டோர், சாவு. பட்டியல் தந்தவர்: கிராணி பிரேமநாதன். நேரம்...

தர்மினி நேரத்தை இன்னொரு முறை படித்தாள். டெலிபோன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டாள்.

"அத அழி!"

பின்னால் முதலாளி மகிந்தன்.

"கிராணி வந்திருக்காரு. பெரிய கஸ்டமர். அடைக்கச் சொன்னா அடைப்போம். உள்ள என்னன்னு பாக்கறது நம்ம வேலை இல்ல லா."

"பாக்காம எப்படி பாஸ் அடைச்சோம்? அடைக்கக் கண்ணு இருக்கு... சாட்சி சொல்ல வாயில்லையா? அசிங்கத்த அடைங்க, நானும் அடைக்கிறேன். கொலைய அடைக்க மாட்டேன்!"

"வேலை போயிடும்!"

"போகட்டும்!"

சபாஷ்! வீட்டுக் கடனை வைத்துக்கொண்டு இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் தைரியம் வரும்?

பிரேமநாதன் உள்ளே வந்தார். இஸ்திரி கலையாத சட்டை. பையில் பேனா. எஸ்டேட்டில் காலைப் பெரட்டில் பெயர் கொடுக்க ஆட்கள் வந்து நிற்கும் முன்பே, வந்தவர் வராதவர் பெயரையெல்லாம் எழுதி முடித்துவிடுகிற மனிதர் அவர். எல்லாமே முன்கூட்டி!

"இன்னும் அழிக்கலையாம்மா? செத்தவன் மானம் சந்தி சிரிக்கக் கூடாதுன்னுதான் சொல்றேன்."

"சார்... சன்னாசி செத்தது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"பெரட்டுல ஆளக் காணோம். வேலை வாங்குற மண்டோர் தேடிப் போனான். இன்னிக்குக் காலைல ஏழு மணிக்குத்தான் எனக்கே தெரியும்."

"நிச்சயமா?"

"அடிச்சுச் சொல்றேன்! முப்பது பேர் சாட்சி!"

தர்மினி திரையைத் திருப்பினாள்.

"அப்ப காலைல அஞ்சு அம்பதுக்கே 'சன்னாசி, ஸ்டோர், சாவு'ன்னு எப்படி சார் எழுதிக் கொடுத்தீங்க?"

கிராணி கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தார்!

"தொடாதீங்க, கிராணி!" என்றது டெலிபோன். "சார்ஜன் இராஜமாணிக்கம் பேசறேன். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். போலீஸ் கார் அங்க வந்துக்கிட்டிருக்கு."

கிராணி ஓடப் பார்த்தார். மகிந்தன் கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்துகொண்டார்.

டெலிபோனில் மயிலம்மாள் மூக்கை உறிஞ்சினாள். அழுதுகொண்டே சொன்னாள்:

"சார்ஜன்... லாக்கப் புஸ்தகத்துல கிராணி பேர இப்பவே எழுதிடுங்க. ஆள் வர்றதுக்கு முன்னாடியே எழுதினாத்தான் அவருக்குத் திருப்தி லா!"