டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாட ஒரு மைக்

இபன்சாராவுக்குச் சும்மா நின்று பாட வராது. கைகள் டிரம்ஸ் அடித்தால்தான் வாயில் பாட்டு வரும். போன வாரம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டுப் பாடச் சொன்னார்கள். இரண்டாவது வரியிலேயே சொற்கள் மறந்துபோய், ஓரமாகப் போய் உட்கார்ந்துகொண்டாள். இத்தனைக்கும் அது அவளே எழுதிய பாட்டு.

ஷில்லாங்கில், லைதும்க்ரா கடைத்தெருவில் எங்கள் மாலை நேர இசை வகுப்பு. என் பெயர் டாப்லின். நான் கீபோர்டு வாசிக்கிறேன். கிட்போக் கிட்டார் வாசிப்பான். சனிக்கிழமை எங்கள் முதல் நிகழ்ச்சி.

அவள் பாடும்போது டிரம்ஸ் சத்தமும் மைக்குக்குள் புகுந்துவிடும். குரல் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டினால் டிரம்ஸும் சேர்ந்து கூடும். அதுதான் தொல்லை.

அலமாரியில் மூன்று மைக்குகள் இருந்தன. வழக்கம்போல ஒவ்வொன்றிலும் "செக், செக்" சொல்லி, ஒரு வரி பாடிப் பார்த்தோம். வெள்ளி நிற மைக்கில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாடுவது போலவே இருந்தது. எல்லோரும் அதற்கே கை தூக்கினோம். நானும்தான்.

டிரம்ஸ் ஆரம்பித்ததும் ஒலிபெருக்கியில் டிரம்ஸோடு இருக்கும் பித்தளைத் தட்டுகளின் இரைச்சல் மட்டும்தான் வந்தது.

"ஜாதோ சோத்துக் கடையில தட்டு கழுவுற மாதிரி இருக்கு. பாட்டுக்காரி எங்க?" என்றான் கிட்போக்.

எல்லோரும் சிரித்தோம். இபன்சாராவும் சிரித்தாள், ஆனால் குச்சிகளைப் பைக்குள் வைத்துவிட்டாள். நாளைக்குள் சரியாகாவிட்டால் கிட்போக் பாடட்டும் என்று ஆசிரியர் பாஹ் மெபன் தயங்கித் தயங்கிச் சொன்னார். நிகழ்ச்சித் தாளில் அவன் பெயரைப் பென்சிலில் எழுதினார்.

வீட்டில் அன்று நாங்கள் செய்ததையெல்லாம் வரிசையாக நோட்டில் எழுதிப் பார்த்தேன். ஒன்று உறுத்தியது. மைக்கைச் சோதித்தபோதெல்லாம் டிரம்ஸ் சும்மாதான் இருந்தது. இது இவ்வளவு பேருக்குத் தோன்றாமலா இருக்கும் என்று அந்த வரியை அடித்தேன். மறுபடி எழுதினேன்.

மறுநாள் நானும் இபன்சாராவும் மற்றவர்கள் வருவதற்கு முன்பே வகுப்புக்குப் போனோம். அவள் முன் வெள்ளி மைக்கை வைத்து, நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

"நீ பாடாத. அடி மட்டும்," என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. "நீயும் அதையே சொல்றியாடி?"

"ஐயோ, அதில்ல. எந்த மைக் உன் டிரம்ஸை மதிக்கவே மதிக்காதுன்னு பாக்கணும். அதான் உனக்கு."

அவள் அடித்தாள். வெள்ளி மைக் நாற்காலி கிறீச்சிட்டதைக்கூட விடவில்லை. காதில் மாட்டும் மைக்கில் சத்தம் குறைவு, ஆனால் அவள் தலையை ஆட்டியதும் அது கழன்று தோளில் விழுந்தது. கூட்டங்களில் அறிவிப்புச் செய்யும் கனமான கறுப்பு மைக்கில் டிரம்ஸ் அடுத்த தெருவில் கேட்பது போல இருந்தது. பித்தளைத் தட்டுகள் மட்டும் அடங்கவில்லை.

கறுப்பு மைக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். அதன் பின்பக்கம் தட்டுகளைப் பார்த்தபோது இரைச்சல் சட்டென்று தேய்ந்தது. மைக்குக்கும் முதுகுப் பக்கம் காது கேட்காது போலிருக்கிறது. என்னை நம்பாமல் மூன்று முறை திருப்பிப் பார்த்தேன். மூன்று முறையும் அப்படியே. அதே நிலையில் தாங்கியை இறுக்கினேன்.

"உதடு படுற மாதிரி பாடு. தள்ளிப் போகாத," என்றேன்.

"முத்தமா குடுக்கணும்?"

"கிட்டத்தட்ட."

கிட்போக் வந்ததும் ஹெட்போனை அவனிடம் கொடுத்து, மைக்கில் வருவது மட்டும் காதில் விழும்படி வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னேன். இபன்சாரா அடித்துக்கொண்டே பாடினாள். கேலிக்குத் தயாராக வந்தவன் கண்களை மூடிக்கொண்டான். பாட்டு முடிந்ததும் பாஹ் மெபனிடம் போய் ரப்பர் கேட்டான். தன் பெயரைத் தானே அழித்தான்.

"ரெண்டாவது வரி எனக்கு இன்னைக்குத்தான் புரிஞ்சுது. நல்லா எழுதியிருக்க," என்று இபன்சாராவிடம் சொன்னான்.

சனிக்கிழமை அவள் கைகள் ஒரு நொடியும் ஓயவில்லை. கடைசி வரிசையில் நின்ற அவள் அம்மாவுக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டதாம்.