சம்மத மணி

வயர் இல்லாத மணிப்பெட்டி ஒருமுறை டிங் என்றது.

வயர்மேன் ஸ்குரூ டிரைவரை மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டியின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார். நேற்று அவரே கத்தரித்துவிட்ட இரண்டு வயர் துண்டுகளும் எதிலும் ஒட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தன. எலியாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். பித்தளை மணியை எலி எப்படி அடிக்கும் என்று குறுக்குக் கேள்வி கேட்க அங்கே ஆளில்லை.

தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் நாற்பது வருஷமாகிறது. பாழாய்க் கிடந்த ஸ்டேஷனை ஊரே கூடி மியூசியமாக்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடிய தடத்தில் மண்ணடித்துப் புல் வளர்த்தாயிற்று. மியூசியக் கமிட்டிச் செயலாளர் வயர்மேனின் மனைவிதான், பள்ளிக்கூட டீச்சர். புருஷனை வேலை வாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. சாயங்கால வெயிலில் அந்தப் புல்லில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு நேர் எதிரே, மர பெஞ்சுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் மணி. மூன்று முறை, நிதானமாக.

மியூசியத்துக்கு வரப்போகும் பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட ஒரு மாதமாக அவர் பழகிய பாடம் இது. பக்கத்து ஸ்டேஷன்காரர் மூன்று மணி அடித்தால் 'வண்டி அனுப்பட்டுமா' என்று அர்த்தம். அதே மூன்றைத் திருப்பி அடித்தால் 'அனுப்பு' என்று சம்மதம். மூளை யோசிப்பதற்குள் பழகிய கை பித்தளைக் குமிழை மூன்று முறை அமுக்கிவிட்டது.

புது வார்னிஷ் வாசனைக்கும் சுண்ணாம்பு நெடிக்கும் அடியிலிருந்து, எங்கோ ஈரக் கரி எரிகிற புகை வாசனை மெல்லக் கிளம்பி அறையின் மூலைகளை நிரப்பத் தொடங்கியது. எழுந்து கதவைத் தள்ளினார். காலையில்தான் தச்சர் இழைத்து மாட்டிய கதவு, விரலால் தொட்டாலே திறந்த கதவு. இப்போது சுவர் மாதிரி நின்றது. பக்கத்தில் பழைய விதிப்பலகை. அழிந்த எழுத்துகளின் மேல் மனைவி புதிதாக எழுதியிருந்தாள்: 'சம்மதம் கொடுத்தவர், வண்டி புறப்பட்டுச் செல்லும்வரை அறையை விட்டு நீங்கலாகாது.'

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். "இங்க வா! கதவு தொறக்க மாட்டேங்குது!"

"இருங்க, இன்னும் ஒரு கால்தான் பாக்கி. விட்டா பெயிண்ட் காஞ்சிடும்."

"பெயிண்ட் கெடக்கட்டும்! நீ மொதல்ல புல்ல விட்டு மேல ஏறு!"

"எதுக்கு?"

சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. "வண்டி வருது."

அவள் சிரித்தாள். "டிக்கெட் எடுத்து வைங்க, வரேன்."

மணி இரண்டு முறை அடித்தது. பக்கத்து ஸ்டேஷனிலிருந்து வண்டி கிளம்பிவிட்டது என்று அர்த்தம்.

தூரத்தில், பழைய தடத்தின் கோடியில், புல் இரண்டு கோடாக அமுங்கியது. கோடுகள் நீண்டன. சத்தமில்லை. புகையில்லை. கோடுகள் மட்டும். அவளுடைய முதுகை நோக்கி.

"ஏறு! ஐயோ, ஏறும்மா!"

அந்தக் குரலில் பயந்துபோய் அவள் பிளாட்பாரத்துக்குத் தாவி ஏறினாள். மறுநிமிஷம் பெஞ்சு சில்லுசில்லாகச் சிதறியது. கோடுகள் நின்றன. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கம்பியில் நெற்றியை வைத்து அழுதார்.

நிமிர்ந்தபோது, அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பிளாட்பார விளிம்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலைத் தூக்கி வெறும் காற்றில் வைத்தாள். கால் நின்றது. இன்னொரு கால். பிறகு பெட்டிக்குள் இடம் பிடித்தவள்போல் உட்கார்ந்தாள். அடியில் ஒன்றுமில்லை.

"எறங்கு!"

அவளுக்குக் கேட்கவில்லை.

மணி ஒருமுறை அடித்தது. நிற்கிற வண்டியை விடு என்று அர்த்தம். ஒரே ஒரு அமுக்கு. அமுக்கினால் விதிப்பலகை சொன்னபடி கதவு திறக்கும். வண்டி போய்விடும், அவளோடு.

அவர் கையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். மணி அடித்தது. அமுக்கவில்லை. மீண்டும் அடித்தது. வெயில் இறங்கியது. அவள் அந்தரத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் திரும்பி அவரைப் பார்த்தாள். முன்பின் தெரியாத முகத்தைப் பார்க்கிற பார்வை. காரணமில்லாமல் வண்டியை நிறுத்திவைத்திருக்கும் யாரோ ஒரு ஸ்டேஷன் மாஸ்டரை முறைப்பதுபோல் முறைத்துவிட்டு, மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தாள்.