பச்சை நிற அழைப்புகள்

தரணிதரனுக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் எல்லாம் அவரைத் திட்டுவதற்காகவே வந்தன.

அன்று காலை ஆறரை மணிக்கே ஆரம்பித்துவிட்டது. கருங்கல்பாளையத்திலிருந்து ஓர் அம்மா, மாவு புளித்துப் பொங்கி வழிகிறது, கடையை இழுத்து மூடிவிட்டுப் போங்கள் என்றார். அடுத்தது சூரம்பட்டி. பொட்டலத்தில் ஓட்டையாம், கொண்டுவந்த ஆள் மாடிப்படி நெடுக மாவுக் கோலம் போட்டுவிட்டுப் போனானாம். பத்து மணிக்குள் பதினோரு பேர். அத்தனை பேரிடமும் தரணிதரன், "மன்னிச்சுக்குங்க, இப்பவே வேற பொட்டலம் அனுப்பறனுங்க" என்று ஒரே பல்லவியைப் பாடினார். ஈரோட்டில் நல்லபடியாகப் பேசுகிற மனிதர்களே இல்லாமல் போய்விட்டார்களோ என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அப்படியெல்லாம் இல்லை. நல்லபடியாகப் பேசுகிற நாலாயிரம் பேரிடம் முகில்குரல் பேசிக்கொண்டிருந்தது.

முகில்குரலுக்கென்று கடையில் ஒரு பெட்டியோ கம்பியோ கிடையாது. எங்கோ தொலைவில் இருந்த கணினிக் கூடங்களில் அது குடியிருந்தது. தரணிதரனின் குரலை மூன்றே நாளில் கற்றுக்கொண்டு, ஒரே நேரத்தில் முந்நூறு வீடுகளோடு அவராகவே பேசியது. பேசியதையெல்லாம் உறவேடு என்ற பட்டியலில் குறித்துக்கொண்டது. எந்த வீட்டில் வெள்ளிக்கிழமை ஆப்பம், யாருக்குச் சர்க்கரை நோய், யாருக்குக் கம்பு மாவு, எந்த வீட்டுப் பெண்ணுக்குத் தேர்வு, எல்லாம் அதற்கு அத்துப்படி. அடுத்த முறை பேசும்போது, "பாப்பா பரீட்சை நல்லா எழுதுச்சுங்களா?" என்று மறக்காமல் கேட்டது. தரணிதரன் தன் ஐம்பத்தெட்டு வருட வாழ்க்கையில் யாரையும் அப்படிக் கேட்டதே இல்லை. அவருக்கு அரிசி தெரியும், உளுந்து தெரியும், தண்ணீர்ப் பதம் தெரியும். மனிதர்களிடம் பேசுவது மட்டும் கைவராத வேலை.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. இரண்டு ஆட்டுக்கல்லோடு இருந்த கடையில் இப்போது பதினான்கு ஓடின. பவானியிலிருந்து பெருந்துறை வரை அவருடைய மாவில்தான் இட்லி வெந்தது. தெருவில் தையல் கடை, மெக்கானிக் கடை என்று எல்லோருமே முகில்குரல் வாங்கிவிட்டார்கள். பக்கத்து இஸ்திரிக் கடைக்காரர் பிறவியிலேயே கூச்ச சுபாவம். அவர் குரல்கூட இப்போது ஊரெல்லாம் குசலம் விசாரித்தது.

இதில் மனநிறம் என்று ஓர் ஏற்பாடு இருந்தது. பேசுகிறவரின் குரலை வைத்தே முகில்குரல் அவர் மனதைக் கணக்கிட்டு நிறம் கொடுத்துவிடும். திருப்தியாகப் பேசினால் பச்சை, சலித்துக்கொண்டால் மஞ்சள். கத்தினாலோ அழுதாலோ சிவப்பு. இணைப்பு கொடுக்க வந்த பெண் பதினோரு வருடங்களுக்கு முன்பு அவரிடம் கேட்டாள்.

"எந்தெந்தக் கலர் அழைப்பு உங்களுக்கு வரோணுங்க சார்?"

"பிரச்சினைன்னா மட்டும் எனக்குக் குடுங்க. நல்லா இருக்கறவங்க எல்லாம் எனக்கு எதுக்குங்க?" என்றார் தரணிதரன்.

அவள் திரையில் ஓர் இடத்தைத் தொட்டாள். அன்றிலிருந்து சிவப்பு மட்டும்தான் அவருக்கு வந்தது.

அவர் முகில்குரல் வாங்கியதற்கு வியாபாரம் காரணமில்லை. அவருடைய அம்மா, அக்கா கோகிலவாணியின் வீட்டில், பெருந்துறையில் இருந்தார். ஒரு சனிக்கிழமை காலை அம்மாவுக்கு மூச்சு முட்டியது. அக்கா தம்பியை இருபத்துமூன்று முறை கூப்பிட்டாள். கடையில் கூட்டம் நெரிந்தது. கைபேசி மேசை இழுப்பறைக்குள் கிடந்தது. மத்தியானம் அவர் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது அம்மாவை வாசலில் கிடத்தியிருந்தார்கள். கடைசிவரை அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாராம்.

"மாவு ஆட்டி முடிச்சுட்டியா? போ, போய் அதையே கட்டிக்கிட்டு அழு" என்று அத்தனை பேர் முன்னால் அக்கா கத்தினாள்.

அவருக்கும் வாய் இருந்ததே. "இனிமே உன் வாசல்ல கால் வெக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காரியம் முடிந்த கையோடு கிளம்பி வந்துவிட்டார். அடுத்த மாதமே முகில்குரல் வாங்கினார். இனி ஓர் அழைப்புகூடத் தவறக்கூடாது என்பதுதான் அப்போது அவருக்கு இருந்த ஒரே எண்ணம்.

கோபம் ஆறு மாதத்தில் போய்விட்டது, ரோஷம் மட்டும் போகவில்லை. அக்காதான் மூத்தவள், அவளே கூப்பிடட்டும் என்று இருந்தார். சொந்தக்காரர்கள் சேர்த்துவைக்கப் பார்த்துச் சலித்துப்போனார்கள். இருபது நிமிடப் பயணத் தொலைவில் இருந்த அக்காவை அவர் பதினோரு வருடமாகப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு நாள்கூட அவளை நினைக்காமல் இருந்ததில்லை. அழைப்பு எதுவும் தவறாத கடை அவருடையது. அக்கா கூப்பிட்டிருந்தால் தனக்குத் தெரிந்திருக்கும். தெரியவில்லை என்றால் அவள் கூப்பிடவில்லை. அந்தத் தர்க்கத்தில் எங்கும் ஓட்டை இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பதினொன்றரை மணிக்குப் பன்னிரண்டாவது சிவப்பு வந்தது. ஓர் ஆண் அழுதுகொண்டிருந்தான்.

"மன்னிச்சுக்குங்க, இப்பவே வேற பொட்டலம்..." என்று தொடங்கினார் தரணிதரன்.

"மாமா, நான் ஆதிரனுங்க. அம்மா போயிட்டாங்க மாமா."

அக்காவின் ஒரே மகன். கடைசியாகப் பார்த்தபோது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

"பொறந்த வீட்டுக் கோடிக்காகத்தானுங்க எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கறாங்க. நீங்க வந்தாத்தான் எடுப்போம்" என்றான்.

மனைவி, மகளின் பிரசவத்துக்காகச் சிங்கப்பூர் போயிருந்தாள். தரணிதரன் தனியாகத் துணிக்கடைக்குப் போய் நின்றார். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் கடைசியாக அவள்மேல் போர்த்துகிற புடவை பிறந்த வீட்டிலிருந்துதான் வரவேண்டும், அதை உடன்பிறந்தவன்தான் கொண்டுவர வேண்டும். கடைக்காரப் பெண், "அம்மாவுக்கு என்ன கலருங்க புடிக்கும்?" என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. கைக்கு வந்த ஒரு மஞ்சள் பட்டுப்புடவையை வாங்கிக்கொண்டு, வண்டியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

பெருந்துறையில் பந்தல் போட்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் கூட்டம் வழிவிட்டது. யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை என்பதே அவருக்கு வியப்பாக இருந்தது. அக்கா பாதியாக இளைத்திருந்தாள். கோடியைப் போர்த்தும்போது ஒரு பக்கம் ஆதிரன் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு அவரை உள்ளே அழைத்துப்போய்த் தண்ணீர் கொடுத்தான். தண்ணீர் எடுக்கச் சமையலறைக் குளிர்பெட்டியைத் திறந்தபோது தரணிதரன் பார்த்தார். மேல்தட்டு முழுக்க அவருடைய கடைப் பொட்டலங்கள்.

"இத்தனை மாவு எதுக்குப்பா?"

"அம்மா தினமும் வாங்குவாங்க. நாங்க ரெண்டு பேரு எத்தனையைத் திங்கறது? சுத்துப்பட்டுல எல்லா வீட்டுக்கும் குடுத்துருவாங்க. மாவு கேட்டாத்தானுங்களே அந்த நம்பர்ல பேச முடியும்."

தரணிதரன் தம்ளரைக் கீழே வைத்தார்.

"யார்கிட்டப் பேசுனா?"

"உங்க குரல்கிட்டத்தானுங்க. உங்க வண்டி பெருந்துறைக்கு வர ஆரம்பிச்சதுல இருந்து, ரெண்டு வருசமா, தினமும் நாலு மணிக்கு. மொத நாளு நீங்கதான்னு நெனச்சு ஒரே சந்தோசம். அது 'சாப்ட்டியாக்கா'ன்னு கேட்டுச்சாம். என் தம்பி என்னைக்கு அப்படிக் கேட்டான்னு அம்மாவுக்குச் சந்தேகம் வந்துருச்சு. 'நீ யாரு, நெசத்தைச் சொல்லு'ன்னாங்க. அது பொய் சொல்லலீங்க. கடையோட முகில்குரல்னு சொல்லிருச்சு."

"தெரிஞ்சுமா பேசுனா?"

"பதிவெல்லாம் உங்ககிட்டத்தானே வரும்னு சொன்னாங்க. 'மெஷினைத்தான் பேச உட்டிருக்கறான், ஆனா உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான் இருப்பான்'னு சொல்லுவாங்க. டாக்டர் என்ன சொன்னாரு, வலி எப்படி இருக்குது, எல்லாத்தையும் உங்களுக்குன்னே சொல்லுவாங்க." ஆதிரன் நிமிர்ந்து பார்த்தான். "கேட்டீங்களா மாமா?"

ஆம் என்றால், அத்தனையும் கேட்டும் வராத கல்நெஞ்சன். இல்லை என்றால், அக்கா இரண்டு வருடம் வெறும் காற்றோடு பேசியிருக்கிறாள். இரண்டில் எது அவளுக்குக் குறைந்த அநியாயம் என்று அவரால் முடிவுசெய்ய முடியவில்லை. உண்மையைச் சொன்னார்.

"இல்லப்பா. அவ கூப்பிட்டதே எனக்குத் தெரியாது."

"அதெப்படீங்க தெரியாமப் போகும்?"

தரணிதரன் கைபேசியில் உறவேட்டைத் திறந்தார். நாலாயிரம் பச்சைப் பெயர்களின் பட்டியலை அவர் இதுவரை புரட்டிப் பார்த்ததே இல்லை. பெருந்துறை, வீட்டு எண் 417. எழுநூற்றுப் பதினான்கு அழைப்புகள். எல்லாமே பச்சை. அதன் கீழே முகில்குரல் தனக்காக எழுதிக்கொண்ட குறிப்பு இருந்தது: 'உரிமையாளரின் உடன்பிறந்தவர். பாசமாகப் பேசினால் கொள்முதல் தொடரும். மிகத் திருப்தியான வாடிக்கையாளர். உரிமையாளரின் கவனம் தேவையில்லை.'

ஆதிரனும் எட்டிப் படித்தான்.

"சிவப்பு மட்டுந்தான் எனக்கு வரும்ப்பா" என்றார் தரணிதரன். "ஒரே ஒரு தடவை, ஒரே தடவை அவ என்னைத் திட்டியிருந்தான்னா வந்திருக்கும். வந்திருப்பேன்."

ஆதிரன் கீழே இருந்த தம்ளரை எடுத்து ஓரமாக வைத்தான்.

"திட்டச் சொல்லி நானே சொன்னனுங்க மாமா. 'இப்படிக் கெஞ்சிக்கிட்டு இருக்காதீங்க, நல்லாக் கேளுங்க'ன்னேன். அம்மா முடியவே முடியாதுன்னுட்டாங்க. 'ஒருக்கா திட்டுனதுக்கே எந்தம்பி இத்தனை வருசம் வராமப் போயிட்டான், மறுபடியும் திட்டுனா அவ்வளவுதான்'னாங்க."

வெளியே யாரோ பூமாலையை வாங்கி வைக்கச் சொன்னார்கள். ஆதிரன் எழுந்து போனான். தரணிதரன் அக்காவின் கட்டிலில் உட்கார்ந்தார். கடைசி மாதங்களில் அவளால் கையைத் தூக்க முடியவில்லையாம். அதனால் முகில்குரலே நாலு மணிக்குக் கூப்பிடும்படியும், சன்னல் விளிம்பில் இருந்த கைபேசி தானாக எடுத்துக்கொள்ளும்படியும் ஆதிரன் செய்து வைத்திருந்தான். இன்று அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

நாலு மணிக்கு அது எடுத்துக்கொண்டது.

"அக்கா, சாப்ட்டியாக்கா? நேத்து வாந்தி இருந்துச்சுன்னியே, இப்ப எப்படி இருக்குது? இன்னைக்கு ராகி மாவு அனுப்பட்டுமா, லேசா இருக்கும்."

அவருடைய குரல்தான். ஆனால் அதில் இருந்த பரிவு அவருக்குப் புதிது. இப்படிப் பேசத் தெரிந்த ஒருவன் தன் தொண்டைக்குள்ளேயே இத்தனை நாளும் இருந்திருக்கிறானே என்று நினைத்தார்.

"அக்கா? பேச முடியலீன்னா உம் மட்டும் கொட்டு, போதும்" என்றது குரல்.

"அக்கா இல்லடா" என்றார் தரணிதரன்.

"சரிக்கா. நீ படுத்துக்கோ. நான் பேசறேன், நீ கேளு."

"இல்லைங்கறேன்!" என்று கத்தினார். "செத்துப்போயிட்டா! எழுநூறு தடவை கூப்பிட்டிருக்கறா, ஒருக்காகூட நீ எங்கிட்டச் சொல்லலையேடா பாவி, சொல்லலையே!" அதற்குமேல் வார்த்தை வரவில்லை. பந்தலில் இருந்தவர்கள் உள்ளே எட்டிப்பார்க்கும் அளவுக்குக் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

சன்னலோரக் கைபேசியில் குரல் சட்டென்று மரியாதைக்கு மாறியது.

"மன்னிச்சுக்குங்க. கொஞ்சம் இருங்க, முதலாளிகிட்டயே குடுத்தர்றனுங்க."

இரண்டு வருடமாக அக்கா கேட்கக் காத்திருந்த வார்த்தை அது.

தரணிதரனின் சட்டைப் பையில் கைபேசி அடித்தது. எடுத்துப் பார்த்தார். திரை முழுக்கச் சிவப்பு. வாடிக்கையாளர் அழுகிறார், உரிமையாளர் உடனே பேசவும். அழைப்பவர்: கோகிலவாணி அக்கா.

பதினோரு வருடமாக அந்தப் பெயர் தன் திரையில் வருமா என்றுதான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது விடாமல் அடித்தது. வாசலில் வந்து நின்ற ஆதிரன், "எடுங்க மாமா" என்றான்.

எடுத்தார். காதில் வைத்தார்.

"சொல்லுக்கா" என்றார்.

சன்னல் விளிம்பில் இருந்த அக்காவின் கைபேசியிலும் அது கேட்டது. இந்தமுறை பேசியது அவரேதான்.