பெட்டியைத் தட்டாதீங்க, மாமா!

மாமா வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே அவருடைய டூல் பாக்ஸ் நுழைந்துவிடும். அதில் இல்லாத சாமான் கிடையாது. ஆனால் ஒரு ஸ்பேனர்கூட இன்னும் பிளாஸ்டிக் உறையைவிட்டு வெளியே வந்ததில்லை.

“எங்கே பேஷன்ட்?” என்றார் மாமா.

வாலு முட்டைப் பெட்டியைக் காட்டினாள். அவளுடைய கோழி அடையிலிருந்து எழுந்து போனதிலிருந்து ஆறு முட்டைகளுக்கும் இந்தப் பெட்டிதான் அம்மா. சூடு கொடுக்க ஒரு பல்பு. அந்தச் சூட்டை உள்ளே சுற்றிவிட ஒரு குட்டி ஃபேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு மட்டும் மறுபடியும் அணைந்திருந்தது.

“சீக்கிரம் மாமா! குஞ்சு வர்ற நேரம். குளிர்ந்துட்டா அவ்வளவுதான்.”

மாமா பெட்டியின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பல்பு எரிந்தது!

“பார்த்தியா? இதுக்கெல்லாம் கைராசி வேணும்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க. காலையில அணைஞ்சுடுச்சு.”

“அது நேத்து ராசி” என்றார் மாமா, கொஞ்சமும் அசராமல்.

அவர் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் இன்றைய ராசியும் அணைந்தது.

வாலு தட்டவில்லை. பல்பு ஒயர் பெட்டியில் செருகியிருந்த இடத்தில் மெதுவாக விரலை வைத்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுக்கம்! ஃபேன் சுற்றச் சுற்றப் பெட்டி அதிர்ந்தது. தொங்கிய ஒயரும் கூடவே ஆடியது.

“அம்மா, ஸ்விட்சை அணைச்சுட்டு இதைக் கழட்டித் தாயேன்.”

அம்மா பெட்டியின் மேல் கம்பளியைப் போர்த்தினாள். ஸ்விட்சை அணைத்து, ஒயரை உருவித் தந்தாள். வாலு அதன் முனையிலிருந்த உலோகப் பின்னைத் தன் பூதக்கண்ணாடி லென்ஸில் பார்த்தாள்.

வெள்ளிபோல மினுங்கிய பின்னின் நடுவில், கடுகைவிடச் சின்னதாக ஒரு கறுப்புப் பள்ளம். அதைச் சுற்றி மாவுபோல மெல்லிய கறுப்புப் பொடி. நிலாவையே பக்கத்தில் போய்ப் பார்த்த மாதிரி இருந்தது.

“அம்மா, என் பென்சில் டப்பா!” என்று ஓடிப்போய் எடுத்துவந்தாள். பைக்குள் ஆடி ஆடி, ஷார்ப்னர் உரசிய இடமெல்லாம் தகரம் தேய்ந்து இதே கறுப்புப் பொடி.

“இதுவும் இப்படித்தான் தேய்ஞ்சிருக்கு. அந்தப் பொடிதான் நடுவுல உட்கார்ந்து கரண்டை மறிக்குது. மாமா தட்டினா பின் கொஞ்சம் நகர்ந்து வேற இடத்துல படுது. அப்புறம் அங்கேயும் தேயுது!”

“இவ்வளவுதானா? உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சா பளபளன்னு ஆயிடும்” என்றார் மாமா.

“மேல இருக்கிற பூச்சும் போயிடும் மாமா. அப்புறம் இன்னும் சீக்கிரம் கெட்டுடும்.”

மாமா லென்ஸை வாங்கிப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். எதையும் தட்டவில்லை. அந்த வீட்டில் அதுவே ஓர் அதிசயம்.

பிறகு டூல் பாக்ஸைத் திறந்தார். முதன்முறையாக ஓர் உறை கிழிந்தது. உள்ளே புத்தம்புதுப் பின்னும் அதற்கேற்ற சாக்கெட்டும்! அம்மா இரண்டையும் மாற்றினாள். ஒயர் இனி ஆடாதபடி வாலு அதைப் பெட்டியோடு இறுக்கிக் கட்டினாள். ஃபேனுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்தாள்.

மறுநாள் மாமா வந்தபோதும் பல்பு எரிந்துகொண்டிருந்தது. பழக்கதோஷத்தில் அவர் கை மேலே போனது.

“மாமா!”

கை திரும்பி வந்து அவர் தலையையே சொறிந்தது.

டொக்.

“சத்தியமா நான் தட்டலை!” என்று பதறினார் மாமா.

டொக்... டொக்...

மூவரும் குனிந்தார்கள். ஒரு முட்டையில் விரிசல். அதற்குள்ளிருந்து அரிசி முனைபோல ஓர் அலகு எட்டிப் பார்த்தது.

இந்தத் தட்டலை யாரும் தடுக்கவில்லை.