அப்பன் கண்

செத்துப்போன அப்பாவின் படம் வந்து சுவரில் ஏறிய மத்தியானத்திலிருந்து ஏழு வயது பூவிழி கதவு நிலையில் மூன்று முறை இடித்துக்கொண்டாள்.

"கண்ண எங்கடி வெச்சிட்டு நடக்குற?" என்று அதட்டினாள் அவளுடைய அம்மா வேணி. கேட்ட பிறகு தன் வாய்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வேணியின் புருஷன் ஆண்டவர் செத்து அன்றோடு எட்டாம் நாள். லாரியில் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிறவர். போட்டோ என்றாலே ஓடிவிடுவார், வீட்டில் ஒரு படம்கூட இல்லை. செத்த அன்று நாற்காலியில் உட்காரவைத்திருந்த உடம்பைத்தான் செல்போனில் படம் பிடித்து அரியலூர் ஸ்டுடியோவுக்கு எடுத்துப்போனாள் வேணி. "கண்ணத் தொறந்து குடுத்துடலாங்க. அதே சாடையில யாரு கண்ணாச்சும் வேணும்" என்றான் ஸ்டுடியோக்காரன். மகளுக்கு அப்படியே அப்பன் கண். யோசிக்காமல் பூவிழியின் பள்ளிக்கூடப் படத்தைக் கொடுத்துவிட்டாள்.

"உசுரோட இருக்கயில நில்லுடான்னா ஓடுவான். இப்ப பாரு, புது மாப்ள மாதிரி முழிக்கிறான் எந்தம்பி" என்று நாத்தனார் ரெங்கம்மாள் அழுகையோடு சிரித்தாள்.

பொழுது சாய இலை போட்டார்கள். சோறு, கறிக்குழம்பு, அவித்த முட்டை, ஒரு கட்டு பீடி, குவார்ட்டர் பாட்டில். எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வைத்து, விளக்கேற்றி, வெளியே திண்ணைக்கு வந்து கதவைச் சாத்தினார்கள். செத்தவர் வந்து சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் திறக்கக் கூடாது. கதவிடுக்கில் கசிந்த சாம்பிராணிப் புகையும் சூடு ஆறாத குழம்பு வாசனையும் ரோட்டில் போன சிமெண்ட் லாரி கிளப்பிய புழுதியோடு சேர்ந்து தொண்டையில் ஒட்ட, வேணிக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்து நடக்கவும் முடியவில்லை, சாத்திய கதவையும் மடியில் கிடந்த மகளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, வெளக்கு தெரியுது."

தெருவிளக்கு இன்னும் போடவில்லை.

"எந்த வெளக்குடி?"

"குத்துவெளக்கு. கீழ இலை தெரியுது. முட்டை தெரியுது."

வேணி அவள் முகத்துக்கு நேரே கையை ஆட்டினாள். இமை அசையவில்லை.

"அண்ணி, கதவத் தொறங்க."

"பாதிச் சாப்பாட்டுல எழுப்புவியாடி? பட்டினியா போயிடுவான்." ரெங்கம்மாள் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"புள்ளைக்குக் கண்ணு தெரியல அண்ணி!"

"அப்பா வந்துட்டாரு" என்றாள் பூவிழி. "கண்ணு ரெண்டும் மூடியிருக்கு. தடவித் தடவிச் சாப்புடுறாரு."

உள்ளே பாட்டில் உருண்டது.

வேணி மகளைக் கீழே விட்டுப் பாய்ந்தாள். நாத்தனாரைத் தள்ளினாள். நகரவில்லை. மறுபடி தள்ளினாள். நாதாங்கி கைக்கு எட்டவில்லை.

"எந்திரிச்சிட்டாரும்மா."

தள்ளினாள்.

"என் கிட்ட வர்றாரு."

விரல் நாதாங்கியில் பட்டது.

"கைய நீட்டுறா..."



வேணி திரும்பினாள். பூவிழி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கண்களும் அகலத் திறந்திருந்தன. இடது கருவிழியின்மேல், ஈரமாக, குழம்பில் தோய்ந்த ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.