காதைத் தொட்டால் இடது பக்கம்

“எல்லாரும் கத்துறாங்க. நீ மட்டும் ஏன் கத்தவே மாட்டேங்கிற, தங்கமணி?” என்று பக்கத்து வீட்டுச் சிவமலர் அக்கா ஒருமுறை டென்னிஸ் ஆட்டத்தின் இடைவேளையில் கேட்டாள்.

தங்கமணிக்குக் கூட்டத்தில் குரல் வராது. அதனால் அக்காவின் காதில் மட்டும் சொன்னாள்.

“எதிர்ல ஆடுற பொண்ணுக்கு இடது பக்கம் ஓட வரலக்கா.”

அக்கா அந்தப் பக்கமே அடித்தாள். அன்று அவளுடைய காலேஜ் அணி ஜெயித்தது.

அதன் பிறகு இருவருக்கும் சைகைதான் பேச்சு. தங்கமணி காதைத் தொட்டால் எதிராளியின் இடது பக்கம். முழங்காலைத் தொட்டால் வலைக்குப் பக்கத்தில் மெதுவாக. ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் அக்கா பெஞ்சைத் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத் தங்கமணி வாரம் முழுக்கக் காத்திருப்பாள். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பத்து வயதுப் பெண்ணிடம் வேறு யார் யோசனை கேட்கிறார்கள்?

அக்கா காலேஜ் படிப்பை முடித்தாள். இனி டென்னிஸ்தான் அவளுக்கு வேலை. கிள்ளானில் நடக்கும் தகுதிப் போட்டியில் ஜெயித்தால் பேங்காக் போட்டிக்குப் போகலாம். பிறகு ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

“போனா எப்பக்கா வருவீங்க?” கிள்ளான் ரயிலில் தங்கமணி கேட்டாள்.

“முதல்ல ஜெயிக்கணும். தோத்தா உங்கூடவே கோலி விளையாடிட்டு இருப்பேன் லா.”

தங்கமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அக்கா ஜெயிக்கவும் வேண்டும், போகாமல் இருக்கவும் வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்க வழியே தெரியவில்லை.

ஆட்டம் தொடங்கியது. அக்கா திரும்பிப் பார்த்தாள். முதல் வரிசையில் இருந்த தங்கமணி காதைத் தொட்டாள்.

உயரமான நாற்காலியில் இருந்த நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அக்காவிடம் ஏதோ கண்டிப்பாகச் சொன்னார்.

“என்னாண்ணே?” தங்கமணி பக்கத்தில் இருந்த விஜயனைக் கேட்டாள். அவன் அக்காவின் அண்ணன்.

“காலேஜ் மேட்ச்ல பெஞ்சிலேருந்து சொல்லித்தரலாம். இது பிரோ மேட்ச், காசுக்கு ஆடுறது. தனியாத்தான் ஆடணும். யாரும் ஒண்ணும் காட்டக்கூடாதாம்.”

தங்கமணி இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“என்னா, கை குளுருதா?” விஜயன் சிரித்தான்.

முதல் செட் அக்காவுக்கு, அடுத்தது எதிராளிக்கு. கடைசி செட்டில் இருவரும் சமமாக நின்றார்கள். அக்கா மறுபடி திரும்பினாள். தங்கமணியின் கைகள் அசையவில்லை. ஆனால் மோவாய் தானாகவே இடது பக்கம் போய்விட்டது.

நடுவர் எதிராளிக்கு ஒரு புள்ளி கொடுத்தார்.

“ஐயோ, கழுத்தையும் கட்டிப் போடணுமா ஒனக்கு?” விஜயன் தலையில் கை வைத்தான். “இன்னொரு தடவைன்னா ஒரு கேமே போயிரும். அதோட மேட்ச்சும் போயிரும்.”

தங்கமணி கண்களை இறுக மூடிக்கொண்டாள். பந்துச் சத்தமே கேட்கவில்லை. மெல்லத் திறந்தாள். அக்கா பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்து நின்றாள். பிறகு அவசரமாக அடித்தாள். பந்து வலையில் விழுந்தது.

தான் சும்மா இருந்தால் மட்டும் போதாது என்று தங்கமணிக்குப் புரிந்தது. தான் இங்கே இருக்கும்வரை அக்கா பார்ப்பாள். பேங்காக்கிலும் திரும்பித் திரும்பித் தேடுவாள். அங்கே யார் இருப்பார்கள்?

அக்கா மீண்டும் பார்த்தாள். தங்கமணிக்கு மிகவும் பிடித்த அதே பார்வை. அதை இன்னும் கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது.

அவள் எழுந்தாள்.

“எங்க போற? இப்பதானே முக்கியமான நேரம்,” என்றான் விஜயன்.

தங்கமணி கம்பிக் கதவை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் பந்து தரையில் தட்டும் சத்தம் கேட்டது. அடுத்து, அக்காவின் மட்டை நடுவில் சரியாகப் பட்ட ஒரு ‘டொக்’. கூட்டம் கைதட்டியது.

தங்கமணி வெளியே போய், கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.